சிவப்பு மையில் எங்கள் வீடு

எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் சிவப்பு மை பூசியது நான்தான். வேறு யார்மீதும் பழி போட வழியில்லை. எழுபதுகளின் பின்பாதியில் போடிநாயக்கனூரில் ஆற்று வேலைகளைப் பார்த்துக்கொண்ட ஒரு சின்ன அரசு அலுவலகத்தில் நான் டிரேசராக இருந்தேன். பொறியாளர்கள் பென்சிலில் போட்டுத் தருவதை டிரேசிங் துணியில் மையால் நகல் எடுக்க வேண்டும்; ஊர்ப் பெயர், அளவு, குறிப்பு எல்லாவற்றையும் மணிமணியாக எழுத வேண்டும். அந்தத் துணிமீது அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரு கண். வீணான துண்டுகளை வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சி போகக் கசக்கினால் நல்ல மல் துணி கிடைக்கும். எங்கள் அலுவலகத்துக் குழந்தைகளில் பாதிப் பேர் பழைய வாய்க்கால் படங்களை உடுத்தித்தான் வளர்ந்தார்கள்.

ஒரு ஐப்பசியில் மலையில் விடாமல் மழை பெய்து, கொட்டகுடி ஆறு கரை தொட்டு ஓடியது. ஊருக்குள் வரவில்லை. ஆனாலும் மேலிடத்துக்குப் பயம் வந்துவிட்டது. ஆற்றோரத்தில் எந்தெந்த வீட்டில் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று படம் போடுங்கள் என்று உத்தரவு வந்தது. முழங்கால் உயரத்துக்கு மேல் தண்ணீர் நிற்கக்கூடிய இடமெல்லாம் சிவப்பு. அங்கே இருப்பவர்கள் காலி செய்து, மேட்டில் கொடுக்கும் மனைக்குப் போக வேண்டும். முழங்காலுக்குக் கீழே என்றால் மஞ்சள். தரையை உயர்த்திக்கொண்டு அங்கேயே இருக்கலாம். கேட்க எளிமையாகத்தான் இருந்தது.

ஆனால் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று யாருக்குத் தெரியும்? ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போனது என்று அந்தக் காலத்தில் யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. அதனால் எங்கள் பொறியாளர்கள் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார்கள். முன்பு ஒரு காலத்தில் பெரிய வெள்ளம் வந்ததே, அது எதுவரை வந்தது என்று வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். ஆற்றங்கரைத் தெருவான எங்கள் தெருவில் அதற்குப் பதில் சுவரிலேயே இருந்தது. வாசல் நிலைக்குப் பக்கத்தில், உட்சுவரில், ஒரு காவிக் கோடு. வெள்ளம் வந்து நின்ற இடம். என் அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் வந்த வெள்ளம் அது. அதிகாரிகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவ்வளவு சுத்தமான அடையாளம் எந்த ஊரில் கிடைக்கும்? லெவல் கருவியைத் தெருவில் நிறுத்தி, அளவுக் கம்பை அந்தக் கோட்டில் வைத்து, வீட்டுக்கு வீடு குறித்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் கம்பைப் பிடித்ததே நான்தான். கோடு என் இடுப்புக்கு இருந்தது.

இங்கே எங்கள் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டில் அப்போது அம்மாவும் நானும் மட்டும். அம்மா ஒரு வியாபாரியின் கொட்டகையில் ஏலக்காய் பொறுக்கப் போவாள். பச்சை வேறு, வெளுத்தது வேறு, வெடித்தது வேறு என்று முறத்தில் பிரிக்கிற வேலை. அப்பா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அதற்கும் இரண்டு வருடம் முன்னால் என் அண்ணன் வீட்டைவிட்டுப் போயிருந்தான்.

படிப்பு வேண்டாம், ஜீப்பு ஓட்டப் போகிறேன் என்றான் அண்ணன். அப்பா ஜீப்பு நிறுத்தத்துக்கே போய், பத்துப் பேர் பார்க்க அவன் கன்னத்தில் அறைந்தார். அவன் மலைக்கு மேலே கிளம்பிக்கொண்டிருந்த ஒரு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தான். போடிமெட்டு தாண்டி, கேரளத்துப் பக்கம் ஏதோ ஒரு ஏலத் தோட்டத்தில் இருப்பதாக ஒருவர் சொன்னார். இல்லை, அங்கிருந்தும் போய்விட்டான் என்று இன்னொருவர் சொன்னார். அப்பா செத்ததுகூட அவனுக்குத் தெரியாது. காடு காடாக ஆள் அனுப்பித் தேடியும் சேதி சேரவில்லை.

மலையிலிருந்து கடைசி பஸ் சாயங்காலம் இறங்கும். அதன் ஹாரன் ஆற்றுப் பாலத்துப் பக்கம் கேட்டதும் அம்மா எந்த வேலையில் இருந்தாலும் வாசலுக்குப் போய்விடுவாள். பஸ் நிலையத்திலிருந்து எங்கள் தெருவுக்கு நடந்து வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நிற்பாள். பிறகு உள்ளே வந்து விட்ட வேலையைத் தொடர்வாள். அவளிடம் யாராவது வீடு மாறுவதைப் பற்றிப் பேசினால் ஒரே பதில்தான்.

"எம் மவன் இந்த வீட்ட விட்டுத்தான் போனான். வந்தா இங்கனதான வருவான். நா வேற எடத்துல இருந்தா, புள்ள எங்கிட்டுப் போயித் தேடுவான்?"

இது தெரிந்துதான் நான் எங்கள் வீட்டுக்குச் சிவப்புப் போட்டேன். அளவெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது எங்கள் தெரு முழுவதும் சிவப்பில் விழுந்தது. ஆற்றோரம் தட்டையான பூமி. அங்கே தண்ணீர் ஒரு முழம் கூடுதலாக ஏறினால், அது படத்தில் ஒரு தெருவையே விழுங்கிவிடும். கதவு எண்களைப் படத்தின் ஓரத்தில் வரிசையாக எழுதினேன். எங்கள் எண் வந்தபோதும் கை நிற்கவில்லை. எழுத்து நன்றாகவே வந்தது. அன்று மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கை மட்டும் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மலைப் பக்கத்துக்கு உயரக் கோடுகள் போடும்போதுதான் எனக்குத் தாங்காமல் போகும். கோட்டுக்கு மேல் கோடாக, நெருக்கமாக, மேலே போகப் போக இடைவெளியே இல்லாமல் வரைய வேண்டும். இதில் எந்தக் கோட்டுக்கு மேலே நிற்கிறாய் அண்ணே, குளிருக்கு ஒரு போர்வையாவது இருக்கிறதா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டே வரைவேன். என் தலைவாரிவிட்டு, ரிப்பன் கட்டத் தெரியாமல் மூன்று முடிச்சுப் போட்டு அனுப்பியவன் அவன். அந்த வயதில் எனக்கு வேறு யாரும் அவ்வளவு வேண்டியவர்களாக இல்லை.

படம் இன்னும் முடிவானதல்ல, வரைவுதான். ஊராருக்குக் காட்டி, முப்பது நாளைக்குள் ஆட்சேபணை இருந்தால் மனுக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும் என்பது விதி. அம்மோனியாவில் நகல் எடுத்து, மூக்கெரியும் நாற்றத்தோடு, நான்கு இடத்தில் ஒட்டினார்கள். நகராட்சி வாசல், பள்ளிக்கூடத்துச் சுவர், ரேஷன் கடை, ஜீப்பு நிறுத்தத்துச் சுவர். சிவப்பையும் மஞ்சளையும் ஒவ்வொரு நகலிலும் நான் கையால் தீட்டினேன்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எதிர்வீட்டுக்காரம்மா ரேஷன் கடையிலிருந்து மண்ணெண்ணெய் டின்னோடு ஓடிவந்து சொல்லிவிட்டாள். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீ போட்டதாடி?"

"அளவு சொன்னதப் போட்டேம்மா."

"நம்ம வீட்டயுமா?"

"வீட்டப் பாத்தா போடுறாக? ஒயரத்தப் பாத்துப் போடுறாக."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோறு போடுவாள், தட்டைத் தள்ளுவாள், அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலையில் தலைமுடியை முடிந்துகொண்டே கேட்டாள்.

"ஒயரத்த எத வச்சு அளந்தாக?"

"நம்ம வீட்டுக் காவிக் கோட்ட வச்சுத்தான். நாந்தான கம்பப் பிடிச்சேன்."

அம்மா முடிந்துகொண்டிருந்த முடியைப் பாதியில் விட்டாள். பிறகு தலையில் பட்டென்று அடித்துக்கொண்டாள். அடுத்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது.

"அடி கூறுகெட்டவளே! அத நாந்தான வருசா வருசம் ஏத்திக்கிட்டு வர்றேன்!"

எங்கள் தெருப் பழக்கம் அது. எனக்கும் தெரியும், பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். வீட்டுக்குள் ஆறு வந்ததை ஆத்துத் தாயி வந்துவிட்டுப் போனதாகத்தான் எங்கள் தெருப் பெண்கள் சொல்வார்கள். வந்தவளுக்கு மரியாதையாக அவள் நின்ற இடத்தில் காவியால் கோடு போட்டு, பொட்டு வைப்பார்கள். தைப்பொங்கலுக்கு வெள்ளையடித்தால் கோடு மறையும். மறுபடி போட வேண்டும். போடும்போது, வந்தவளைக் குறைத்துக் காட்டிவிடக் கூடாதே என்று மங்கலாகத் தெரியும் பழைய கோட்டுக்கு ஒரு விரல்கடை மேலே போடுவார்கள். எதிர்வீட்டில் ஒரு விரல்கடை ஏறினால், நம் வீட்டுக்கு மட்டும் ஆத்துத் தாயி குறைவாகவா வந்தாள் என்று இங்கேயும் ஏறும். இப்படியே இருபத்தைந்து பொங்கல். முழங்காலுக்குக் கீழே நின்ற தண்ணீர், ஒரு சொட்டு மழைகூட இல்லாமல், எங்கள் இடுப்புவரை வந்துவிட்டது.

இவ்வளவும் தெரிந்த நான் அந்தக் கோட்டில் கம்பை வைத்து, கருவியில் கண்ணை வைத்திருந்தவரிடம் "சரியா இருக்கு சார்" என்று சொல்லியிருக்கிறேன். வீட்டில் இருக்கும்போது அது கோலம் மாதிரி ஒரு பழக்கம்; அலுவலகத்து ஆட்களோடு வந்து நின்றபோது அது அளவாகிவிட்டது. இரண்டும் ஒன்றுதான் என்று என் படித்த மூளைக்கு எட்டவே இல்லை.

மனுவை நான் எழுதக் கூடாது; அரசு ஊழியர். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் எழுதிக் கொடுத்தார். தெருவில் எல்லோரும் கைநாட்டு வைத்தார்கள். மனுவை விசாரிக்க மதுரையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். மடிப்புக் கலையாத கால்சட்டை, கையில் குடை. நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். மனுவில் முதல் கைநாட்டு அம்மாவுடையது. நான் கோப்பைப் பிடித்துக்கொண்டு, அது யாரோ வீடு என்பதுபோல் நின்றேன்.

"ஏத்திப் போட்டோம்னு சொன்னாப் போதுமாம்மா? வீடு போயிரக் கூடாதுன்னு இப்பச் சொல்றதா இருக்கலாமே. அத்தாட்சி என்ன இருக்கு?" என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான்.

அம்மா அடுப்படிக்குப் போய்த் தோசைக் கரண்டியை எடுத்து வந்தாள். அவள் என்ன செய்யப் போகிறாள் என்று எனக்கு முன்னால் எதிர்வீட்டுக்காரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. வாசலிலிருந்து கத்தினாள்.

"மதினி, வேணாம்! ஆத்துத் தாயி கோட்டச் சொரண்டாதீக. அவ கோவத்துக்கு ஆளாகாதீக!"

அம்மாவின் கை ஒரு நிமிடம் நின்றது. அவளுக்கும் பயம்தான். வருடா வருடம் கற்பூரம் காட்டிய சுவர் அது. கண்ணை மூடி, "தாயி, எம் புள்ளைக்காகத்தான்" என்று முணுமுணுத்துவிட்டுக் கரண்டியைச் சுவரில் வைத்து இழுத்தாள்.

சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. இடுப்பு உயரத்துக் கோட்டுக்கு ஒரு விரல்கடை கீழே, ஒரு பொருக்கு உள்ளே, இன்னொரு காவிக் கோடு. அதற்குக் கீழே இன்னும் உள்ளே தள்ளி மற்றொன்று. அம்மா சுரண்டச் சுரண்டக் கோடுகள் கீழே இறங்கிக்கொண்டே போயின. அதிகாரி குடையைச் சாத்தி வைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பேனாவால் தொட்டுத் தொட்டு எண்ணினார். நடுவில் சில அழிந்திருந்தன. கடைசிக் கோடு மண்சுவரின்மேலேயே இருந்தது. அவர் கையால் அளந்தார். அம்மாவின் முழங்காலுக்கு மூன்று விரல்கடை கீழே.

"இத ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"யாருங்கய்யா கேட்டீக? கோடு எதுன்னு கேட்டாக, காட்டுனோம். எப்பப் போட்டதுன்னு ஒருத்தரும் கேக்கலையே."

அந்த மனுஷருக்குக் கோபம் வரவில்லை. எங்கள் பொறியாளரைத்தான் ஒரு பார்வை பார்த்தார். நானும் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அவர் ஒவ்வொரு வீட்டிலும் சுரண்டிக் காட்டச் சொன்னார். அம்மா செய்துவிட்ட தைரியத்தில் மற்றவர்களும் கரண்டியோடு வந்தார்கள். எல்லா வீட்டிலும் அதே கதைதான். எதிர்வீட்டுக் கோடு மட்டும் எங்கள் கோட்டைவிட நான்கு விரல்கடை கூடுதலாக ஏறியிருந்தது. அந்த நேரத்திலும் அம்மா அதைக் கவனிக்காமல் விடவில்லை.

எல்லோரும் பிழைத்தார்கள் என்று சொல்ல முடியாது. தெருக்கோடியில் ஆற்றுக்குள்ளேயே இறங்கினாற்போல் சில குடிசைகள் இருந்தன. அந்தப் பழைய வெள்ளத்தில் சுவரே கரைந்து போனவர்கள். அவர்களிடம் காட்டக் கோடும் இல்லை, சுரண்டச் சுவரும் இல்லை. அளவுப்படி அவர்கள் சிவப்பிலேயே நின்றார்கள். மூட்டை முடிச்சோடு மேட்டு மனைக்குப் போனார்கள். போகும்போது ஒரு பெண் எங்கள் வாசலில் நின்று அம்மாவிடம் குடிக்கத் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். அம்மாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எங்கள் தெரு மஞ்சளானது. புதுப் படத்தை நான்தான் வரைந்தேன். எங்கள் கதவு எண்ணைச் சிவப்புப் பட்டியலிலிருந்து எடுத்து மஞ்சள் பட்டியலில் எழுதிய அந்தச் சாயங்காலம், அலுவலகம் முடிந்து வீட்டுக்கு நடக்கவில்லை, ஓடினேன். அம்மா கடைசி பஸ்ஸுக்காக வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கட்டிக்கொண்டேன். "விடுடி, பஸ்சு வர்ற நேரம்" என்றாள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். வரைவுப் படத்தை ஊரெல்லாம் ஒட்ட வேண்டும் என்று விதி இருந்தது. முடிவான படத்தை ஒட்ட வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. கையெழுத்தாகி, உருளையாகச் சுருட்டி, தகரக் குழாயில் போட்டு, மேலிடத்துக்கு ஒன்று, எங்கள் பீரோவுக்கு ஒன்று என்று போய்விட்டது. தப்பான படத்தை ஊரே பார்த்தது. சரியான படத்தை ஏழெட்டுப் பேர் பார்த்தோம். மூன்று இடத்தில் ஒட்டிய வரைவு மழையிலும் ஆட்டு வாயிலும் போயிற்று. ஜீப்பு நிறுத்தத்துச் சுவரில் மட்டும் மேலே கொட்டகை இறங்கியிருந்ததால் அப்படியே இருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போவேன். ஒருநாள் எங்கள் அலுவலகக் கடைநிலை ஊழியர் கேட்டார்.

"அதக் கிழிச்சுப் போட்டுறவா தாயி? அதான் மாத்தியாச்சுல்ல."

"ஒட்டுனது நகராட்சி ஆளுக. அது நம்ம சோலி இல்ல, விடுங்கண்ணே" என்றேன். அரசாங்கத்துத் தாளை நாமே கிழித்தால் ஏதாவது கேள்வி வருமோ என்று ஒரு பயம். அவ்வளவுதான் காரணம்.

வருடங்கள் போயின. எண்பதுகள் பாதி தாண்டின. எனக்குக் கல்யாணமாகி, அடுத்த தெருவிலேயே குடியிருந்தேன். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, ஏலக்காயின் பச்சையும் வெளுப்பும் ஒன்றாகத் தெரிய ஆரம்பித்ததால் வேலையை விட்டிருந்தாள். பஸ் ஹாரன் மட்டும் இன்னும் நன்றாகக் கேட்டது.

ஒரு மாசியில் எதிர்வீட்டுக்காரம்மா தன் மகளைப் பார்க்க மலைக்கு மேல் ஒரு தோட்டத்துக்குப் போனாள். அங்கே லோடு ஏற்ற வந்த ஜீப்பின் டிரைவரை உற்றுப் பார்த்துவிட்டு, பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். மூன்றாம் நாள் மத்தியானம், பஸ் வருகிற நேரமே இல்லை, அண்ணன் வாசலில் நின்றான். தலை பாதி நரைத்திருந்தது. அம்மா அவன் முகத்தைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள். எனக்கு ஆள் அனுப்பினார்கள். நான் செருப்பில்லாமல் வந்து சேர்ந்தேன்.

சாப்பிடுமுன் கை கழுவக் கொல்லைக்கு வந்தான். நான் தண்ணீர் ஊற்றினேன். அப்பாவைப் பற்றி எதிர்வீட்டுக்காரம்மா சொல்லியிருக்கிறாள் என்பது அவன் கண்ணிலேயே தெரிந்தது. கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

"இம்புட்டு வருசத்துல ஒரு தடவகூட வரணும்னு தோணலையாண்ணே?"

"வந்தேன்" என்றான். "ஏழு வருசம் இருக்கும். ஏலக்காயி லோடு எறக்க வந்தேன். அன்னைக்கு வீட்டுக்கு வந்துறணும்னுதான் வந்தேன். ஜீப்பு நிக்கிற எடத்துல ஒரு படம் ஒட்டியிருந்துச்சு. நம்ம தெரு பூராம் செவப்பு. காலி செய்யணும்னு நம்ம கதவு நம்பரும் போட்டிருந்துச்சு. எழுத்தப் பாத்தேன், உன் எழுத்து. நீ எழுதுனா தப்பா இருக்காதுன்னு..." கையை உதறினான். "எல்லாரும் எங்கிட்டோ போயிட்டீகன்னு நெனச்சேன். யாருட்டயாச்சும் கேட்டிருக்கலாம். அப்பா எதிர்ல வந்துருவாரோன்னு கூச்சமா இருந்துச்சு. வண்டியத் திருப்பிட்டேன்."

அவன் அப்படி வந்தபோது அப்பா செத்து ஐந்தாறு வருடம். படம் மாறியும் ஒரு வருடம் ஆகியிருக்கும். ஜீப்பு நிறுத்தத்திலிருந்து எங்கள் வாசல் கூப்பிடு தூரம். ஏழு வருடம். அவன் திரும்பிப் போன அன்று அம்மாவுக்கு இரண்டு கண்ணும் நன்றாக இருந்தன. என் கல்யாணத்தில் அண்ணன் நிற்க வேண்டிய இடத்தில் யாரோ தூரத்து உறவு நின்றார். நான் செம்போடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். அவன் என் தலையில் ஈரக் கையை வைத்து, "சாரமில்ல, சாரமில்ல" என்றான். பரவாயில்லை என்பதை அவன் மலையாளத்தில் சொல்லும் அளவுக்கு வருடங்கள் ஓடிவிட்டன.

உள்ளே போனோம். அம்மா இலை போட்டு, தடவித் தடவிச் சோறு வைத்தாள். அவளுக்குச் சந்தோஷத்தில் பேச்சு நிற்கவில்லை. சுவரைச் சுரண்டிய கதையை, அதிகாரி குத்துக்காலிட்டு உட்கார்ந்த கதையை, எதிர்வீட்டுக் கோடு நான்கு விரல்கடை ஏறிய கதையையெல்லாம் சொன்னாள்.

"நல்லவேள சாமி, நா அன்னைக்குப் போராடி அந்தப் படத்த மாத்த வச்சேன். இல்லேன்னா எம் புள்ள வந்து நின்னுட்டு, வீடு எங்கிட்டுன்னு தெரியாம திரும்பிப் போயிருப்பான்ல?"

அண்ணன் கையில் உருட்டிய சோற்றோடு என்னைப் பார்த்தான். அம்மா என் பக்கம் திரும்பி, "என்னடி, நாஞ் சொல்றது சரிதான?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன். "நீ மட்டும் மாத்த வைக்கலேன்னா அண்ணே திரும்பித்தான் போயிருக்கும்."